எட்டாம் வளைவில் எரிந்து பதினொன்றில் அணைவது

அடிவாரம் செக்போஸ்ட்டில் இல்லை.
ஏழு வளைவு வரை இல்லை.
எட்டாவது கொண்டை ஊசியில்
வண்டி இடப்பக்கம் சாயும்போது
முகப்பில் ஒரு சிவப்பு,
அலைமேல் நிற்கும் தெர்மாமீட்டர்.
கூடவே மூன்று பீப்.
பதினொன்றில் தானாக அணைந்துவிடும்,
ஒன்றுமே சொல்லாத மாதிரி.

ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி,
சூட்டில் மூடியைத் திருகினால் முகம் வெந்துவிடும் என்று
அரை மணி காத்திருந்து பார்த்தால்
இரண்டு கோட்டுக்கும் நடுவே
இளஞ்சிவப்புத் தண்ணீர்
அளந்து ஊற்றியதுபோல் நிற்கிறது.
குரங்கு ஒன்று வந்து
அதுவும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பதினேழு வயது வண்டி.
அம்மாபேட்டை வக்கீல் ஒருவரிடமிருந்து
மூன்றாம் கையாக எனக்கு வந்தது.
விற்கும்போது அவர் ஒப்புக்கொண்டது ஒன்றுதான்:
"ஏசி மட்டும் கொஞ்சம் சோம்பல்."

மாதையன் ஒர்க்‌ஷாப்பில் அது எரியாது.
டாக்டரைக் கண்டதும் பல்வலி ஓடுவதுபோல்
நாலு ரோடு தாண்டினாலே
அதற்கு ஒழுக்கம் வந்துவிடும்.
மூடியை மாற்றினார்.
சென்சார் பிளக்கைப் பிடுங்கி ஸ்பிரே அடித்தார்.
வயரை உலுக்கி உலுக்கிப் பார்த்தார்.
மூன்றாம் முறை போனபோது குரலைத் தாழ்த்தி,
"ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்திடறேங்க,
ஜென்மத்துக்கும் எரியாது."

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
மலைமேல் ஆஸ்பத்திரியில்
நாளைக்கு இருபது நெஞ்சு.
படத்தில் ஒன்றுமில்லை என்பதற்கும்
ஒன்றுமில்லை என்பதற்கும் நடுவே
ஒரு மூச்சளவு இடம் உண்டு.
வேண்டாங்க, என்றேன்.

பெட்ரோல் பில்லின் முதுகில் குறித்துவைத்தேன்:
செவ்வாய், பனி, எட்டில் வந்தது.
புதன், வெயில், வரவில்லை.
வியாழன், பின்சீட்டில் ஸ்டெல்லாவும்
அவள் வாங்கிய கிரைண்டரும், ஆறிலேயே வந்தது.
வெள்ளி, இறங்கும்போது, ஒரே ஒரு கண்சிமிட்டல்.
சனி, குப்பனூர் வழி. எண்ண மறந்துவிட்டேன்.

குளிர்ந்திருந்தால் வருகிறது.
சாய்ந்தால் வருகிறது.
சூடேறித் தண்ணீர் விரிந்து மேலேறினால்
வாயை மூடிக்கொள்கிறது.
அப்படியென்றால் பொய் சொல்லவில்லை.
எதுவோ அதற்கு எட்டவில்லை.

ஞாயிறு காலை டேங்கையே கழற்றினேன்.
டார்ச் வெளிச்சத்தில்
அடியில் இரண்டு கம்பிகள், அரிசி நீளம்.
தண்ணீர் இரண்டையும் தொட்டால் விளக்கு தூங்கும்.
இரண்டின் மேலும் வெள்ளை.
எங்கள் வீட்டு ஹீட்டர் காயிலில் படிவது,
குளியலறைக் குழாயின் மூக்கில் தொங்குவது,
தெருவின் எல்லாக் குடங்களிலும் வரி வரியாய் நிற்பது,
அதே வெள்ளை.
யாரோ ஒரு கோடையில், அவசரத்துக்கு,
போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.
வெள்ளைக்கல் வெட்டும் ஊரின் தண்ணீர்
போன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடும்.

வினிகரில் இரவெல்லாம் ஊறவைத்தேன்.
விடிந்து குலுக்கிக் கவிழ்த்தால்
சுண்ணாம்புக் கரைசலாய் இறங்கியது.

பதினொரு நாள் இல்லை.
எட்டாம் வளைவில் நானே வேகம் குறைத்து
முகப்பைப் பார்ப்பேன். இருட்டு.
கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள்
வளைவே இல்லாத இடத்தில்,
அஸ்தம்பட்டி சிக்னலில்,
வண்டி அசையாமல் நிற்கும்போது
எரிந்தது. அணையவில்லை.
பின்னால் டவுன் பஸ்ஸின் ஹாரன்.
பக்கத்து ஸ்கூட்டர்காரர் குனிந்து,
"மேடம், கீழ ஒழுகுதுங்க" என்றார்.

டேங்கின் ஒட்டோரம் ஒரு மயிரிழை விரிசல்.
இத்தனை நாள் அதை அடைத்து வைத்திருந்ததும்
அந்த வெள்ளைதான்.

மாதையனுக்குப் போன் போட்டேன்.
"எரியுதுங்களா?"
எரியுது.
இப்போ சரியா எரியுது.